கெப்ளரும் திராட்சரசப் பீப்பாயும்

கிரகங்கள் சூரியனைச் சுற்றிவரும் பாதை வட்டமன்று, நீள்வட்டமே என்று நிறுவிய ஜோஹன்னஸ் கெப்ளர் என்னும் பேரறிஞரின் பெயரை நம் மாணவர் யாவரும் அறிவர். பௌதிக வகுப்பில் அவருடைய மூன்று விதிகளையும் நெட்டுருச் செய்யாமல் தேறியவர் நம்மில் அரியர். ஆயினும் அவ்விதிகளைக் கண்டவர் எத்தகைய வாழ்வு வாழ்ந்தார் என்பதையோ, அவர் ஒரு சமயம் வானத்தை விட்டிறங்கித் தம் வீட்டு மதுப் பீப்பாய்களின் கொள்ளளவை ஆராய்ந்து ஒரு நூலே இயற்றினார் என்பதையோ அறிந்தோர் சிலரே. அந்நூல் அளவிற் சிறிது. எனினும், இன்று கணிப்பொறியின் துணைகொண்டு இரட்டைத் தொகையீடுகளுக்கு எண்மதிப்புக் காணும் மாணவர் கையாளும் முறையின் வேர்களுள் ஒன்று அப்பீப்பாய்களினடியில் கிடக்கின்றது. ஆதலின் அப்பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். பீப்பாயண்டை மட்டும் சற்று அதிக நேரம் நிற்போம்.

கெப்ளர் 1571-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 27-ந் தேதி, ஜெர்மானிய நாட்டு வைல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கூலிக்குப் போர்புரியும் படைவீரர். பலமுறை மனைவி மக்களை விட்டுப் போர்க்களம் சென்று, முடிவில் திரும்பாமலே போனார். தாயார் கதரீனா ஒரு விடுதிக்காரரின் மகள். பச்சிலை மருந்துகளில் பழக்கமுடையவர். நாவடக்கம் இல்லாதவர் என்று பெயரெடுத்தவர். இவ்விரண்டும் பிற்காலத்தில் அவ்வம்மையாருக்குப் பெருந்தீங்கு விளைத்தன. இளமையிற் கண்ட வைசூரியால் பிள்ளையின் கண்பார்வை மங்கிற்று; கைகளும் நலிந்தன. வானத்தை நோக்கிப் புகழ்பெற வேண்டியவருக்குக் கண் குறைவாக வாய்த்தது வியப்பேயாம். ஆயினும் 1577-ஆம் வருஷம் தோன்றிய வால்நட்சத்திரத்தைக் காண்பதற்குத் தாயார் அவரை ஒரு மேட்டிற்கு அழைத்துச் சென்றதை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

ஏழைப் பிள்ளைகளுக்கு உதவிச் சம்பளம் அளித்துப் போதகர்களாகப் பயிற்றும் ஏற்பாடு அந்நாட்டில் இருந்தமையால், கெப்ளர் மடத்துப் பள்ளிகளிற் பயின்று, 1589-ஆம் வருஷம் டூபிங்கன் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அங்கே மிகாயேல் மேஸ்ட்லின் என்னும் ஆசிரியரே சூரியன் நடுவில் நிற்கப் பூமி சுற்றுகின்றது என்ற கோப்பர்னிக்கஸின் கொள்கையை அவருக்கு உணர்த்தினார். போதகராக வேண்டுமென்பதே கெப்ளரின் ஆவல். ஆனால் 1594-ஆம் வருஷம் ஆஸ்திரிய நாட்டு கிராஸ் நகரத்து லுத்தர் சபைப் பள்ளியில் கணித உபாத்தியாயர் ஒருவர் இறந்துபோகவே, அவ்விடத்திற்கு இவரை அனுப்பினர். முதலாண்டில் அவரிடம் கணிதம் கற்க வந்தோர் மிகச் சிலர். மறு ஆண்டில் ஒருவருமிலர். பள்ளி அதிகாரிகள் குற்றம் மாணவருடையதே என்று நல்லெண்ணத்துடன் முடிவு செய்து, இலக்கியமும் சொல்வன்மையும் கற்பிக்கும் வேலையையும் அவருக்கு அளித்தனர். பஞ்சாங்கம் கணிப்பதும் அவர் கடமையாயிற்று. தம் முதற் பஞ்சாங்கத்தில் கடுங்குளிரையும் துருக்கர் படையெடுப்பையும் முன்னறிவித்தார். இரண்டும் நிகழ்ந்தன. அவருடைய பெயர் பரவியது சோதிடத்தால். அச்சோதிடத்தில் அவருக்கே இருந்த நம்பிக்கை அரைகுறையானது.

1600-ஆம் வருஷம் கிராஸ் நகரத்து லுத்தர் சபையார் அனைவரும் மதம் மாறவேண்டும், அன்றேல் ஊரைவிட்டு அகலவேண்டும் என்ற ஆணை பிறந்தது. கெப்ளர் மனைவி பார்பராவுடன் ஊரைவிட்டு நீங்கிப் பிராகு நகரம் சேர்ந்து, டைக்கோ பிராகி என்னும் டேனிய வானசாஸ்திரியாருக்குத் துணைவரானார். தொலைநோக்கி வருவதற்கு முன் வானத்தை அளந்தோருள் டைக்கோவுக்கு நிகரானவர் ஒருவருமில்லை. மறு ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர் இறந்தார். அவர் பதவியும், அவர் இருபதாண்டுகளுக்கு மேல் சேர்த்துவைத்த கணக்குகளும் கெப்ளர் வசமாயின. இரண்டாம் ருடால்ப் சக்கரவர்த்தியின் அரண்மனைக் கணிதர் என்ற பட்டம் பெரிது. ஆனால் சம்பளமோ பெரும்பாலும் பாக்கி.

செவ்வாய்க் கிரகத்தின் பாதையை அறிய அவர் பட்டபாடு தனியே எழுதத் தகுந்தது. பலகாலம் உழைத்து அமைத்த ஒரு முறை டைக்கோவின் அளவுகளினின்று 8 கலை மாத்திரமே விலகிற்று. 60 கலை சேர்ந்தது ஒரு பாகை. 360 பாகை சேர்ந்தது ஒரு வட்டம். வேறு எவரும் அதனைச் சிறு பிழையென்று தள்ளியிருப்பர். டைக்கோவின் கை அத்துணை தவறாது என்று கெப்ளர் நம்பியபடியால், முறையைத் தள்ளினார், எண்ணைத் தள்ளவில்லை. அதன்பின் அவர் எதிர்ப்பட்ட இடர் நம் பொருளுக்கு நெருங்கியது. கிரகம் சூரியனுக்கு அருகில் வரும்போது விரைந்தும், அகலும்போது மெதுவாகவும் செல்கின்றது. தூரமும் மாறுகின்றது, வேகமும் மாறுகின்றது. அங்ஙனமாயின், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் காலத்தை ஒரே பெருக்கலால் எங்ஙனம் காண்பது? பாதையை 360 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் சூரியனுக்குள்ள தூரத்தைத் தனித்தனியே கணித்து, அவற்றைக் கூட்டிப் பார்த்தார். அத்துன்பத்திலிருந்தே, சூரியனையும் கிரகத்தையும் இணைக்கும் கோடு சமகாலத்திற் சமபரப்பைக் கடக்கும் என்ற எண்ணம் உதித்தது. நீள்வட்ட விதியுடன் அது 1609-ஆம் வருஷம் வெளியான புதிய வானசாஸ்திரம் என்னும் அவர் நூலில் இடம்பெற்றது. மாறிக்கொண்டே இருப்பதை மெல்லிய துண்டுகளாக்கித் துண்டுதோறும் அளந்து கூட்டவேண்டும் என்ற பழக்கம் அவருக்கு இங்ஙனம் ஏற்பட்டது.

1611-ஆம் வருஷம் அவருக்குக் கொடிய ஆண்டு. பிராகு நகரத்திற் படைகள் புகுந்தன, நோய் பரவிற்று. ஆறு வயதுச் செல்வ மகன் பிரெடெரிக் வைசூரியால் மாண்டான். சில மாதங்களில் பார்பராவும் மாண்டாள். ருடால்ப் மன்னர் முடி துறந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் உயிரும் துறந்தார். கெப்ளர் எஞ்சிய மக்கள் இருவருடன் 1612-ஆம் வருஷம் டான்யூப் நதிக்கரையிலுள்ள லின்ஸ் நகரத்திற் குடிபுகுந்து பள்ளியாசிரியரானார். அங்கும் ஓர் இடி காத்திருந்தது. லுத்தர் சபையின் கொள்கைப் பத்திரம் முழுவதையும் மறுப்பின்றி ஏற்றுக் கையொப்பமிட அவர் மனச்சாட்சி இடங்கொடாமையால், அவ்வூர்ப் போதகர் அவரைத் திருவிருந்தினின்றும் விலக்கினார். எந்தச் சபைக்காக வீடுவாசலை இழந்தாரோ அந்தச் சபையின் பந்தியில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. பலமுறை முறையிட்டும் பயனில்லை. எனினும் அவர் சபையை விட்டு வேறிடம் நாடவுமில்லை, தாம் நம்பாததை நம்புவதாகச் சொல்லவுமில்லை.

தாயற்ற குழந்தைகளை வளர்க்க வேண்டி அவர் மறுமணத்திற்கு முயன்றார். பதினொரு பெண்களை ஒருவர்பின் ஒருவராக ஆராய்ந்து, நிறைகுறைகளைக் கணக்கிட்டு, முடிவில் சூசன்னா என்னும் அநாதைப் பெண்ணைத் தேர்ந்து, 1613-ஆம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி மணந்தார். செவ்வாயின் பாதையைக் கண்ட முறையையே மணப்பெண் காண்பதிலும் கையாண்டார் என்று நகைப்போர் நகைக்கட்டும். அம்மையார் அவருக்கு நல்ல துணைவியாகவே வாய்த்தார்.

இனிப் பீப்பாய்க்கு வருவோம். அவ்வாண்டு ஆஸ்திரியாவில் திராட்சை விளைச்சல் மிகுதி. டான்யூப் நதியில் திராட்சரசம் நிறைந்த பீப்பாய்கள் ஓடங்களில் வந்து லின்ஸ் துறையில் மலிவாக விற்கப்பட்டன. புதுக் குடித்தனக்காரராகிய கெப்ளரும் சில பீப்பாய்களை வாங்கி வீட்டிலிறக்கினார். நான்கு நாள் கழித்து வியாபாரி விலை கணக்கிட வந்தான். அவன் கையில் எண்கள் குறித்த கோல் ஒன்று மாத்திரமே இருந்தது. பீப்பாயின் வயிற்றிலுள்ள அடைப்பைத் திறந்து, அக்கோலைச் சாய்வாக உட்செலுத்தி, அடித்தட்டின் எதிர்விளிம்பை அது தொடும்படி வைத்தான். துவாரத்தருகே கோலிற் கண்ட எண்ணைப் படித்தான். இத்தனை படி என்று சொன்னான். குட்டைப் பீப்பாயோ நெட்டைப் பீப்பாயோ, எல்லாவற்றிற்கும் ஒரே கோல், ஒரே கணக்கு. ரைன் நதிப் பிரதேசத்தில் ரசத்தைக் குடம் குடமாக ஊற்றியோ, பல அளவுகள் எடுத்து வருந்திக் கணித்தோ அளப்பதைக் கண்டிருந்த கெப்ளர் திகைப்புற்றார்.

திகைப்புக்குக் காரணம் உண்டு. கோல் காட்டுவது ஒரு நீளம். பீப்பாயின் கொள்ளளவோ அதன் வடிவத்தைப் பொறுத்தது. எளிமைக்காகப் பீப்பாயை உருளையென்றே வைத்துக்கொண்டு இதனைச் சோதிப்போம். விட்டம் 4 சாண், நீளம் 6 சாண் உள்ள உருளையின் நடுவயிற்றிலிருந்து செலுத்திய கோல் சரியாக 5 சாணிற் நிற்கும். உள்ளே கொள்வது 75 கனச் சாணுக்குச் சற்று மேல். விட்டத்தைப்போல் மும்மடங்கு நீளமுள்ள ஒல்லியான உருளை ஒன்றிலும் கோல் அதே 5 சாணிற் நிற்கும்படி செய்யலாம். அது கொள்வதோ சுமார் 50 கனச் சாண். வாங்குகிறவன் கொடுக்கும் பணம் ஒன்றே. பெறும் ரசம் மூன்றில் இரண்டு பங்கு. தம் சம்பளத்தையே ஒழுங்காகப் பெறாத ஒரு குடும்பஸ்தர் இதனை அலட்சியம் செய்வாரா?

அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அவர் தம் ஆராய்ச்சியை ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். லத்தீன் மொழியிலமைந்த கணித நூல் விலைபோகாதென்று பதிப்பிப்பார் கிடைக்காமையால் அது இரண்டாண்டுகள் காத்திருந்தது, இடையில் வளர்ந்தும்விட்டது. 1615-ஆம் வருஷம் லின்ஸ் நகரத்திலேயே அச்சாகி, மதுப் பீப்பாய்களின் புதிய கன அளவியல் என்ற பெயருடன் வெளிவந்தது. மறு ஆண்டு சாமானிய மக்களும் படிக்கும்பொருட்டு ஜெர்மன் மொழியில் அதனைச் சுருக்கியும் வெளியிட்டார்.

அந்நூலில் கெப்ளர் செய்தது யாது? பண்டைக் கிரேக்க மேதை ஆர்க்கிமிடீஸ், வட்டம், கோளம் முதலியவற்றை அளந்து ஐயத்துக்கிடமின்றி நிறுவினார். ஆனால் அந்நிறுவல்கள் நீண்டவை, கடியவை. கெப்ளர் அவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை. வட்டத்தை நடுவில் முனைகூடும் எண்ணிறந்த மெல்லிய முக்கோணங்களாகவும், கோளத்தை எண்ணிறந்த கூம்புகளாகவும் எண்ணினார். வளையத்தின் கன அளவு வேண்டின், அதனை நடுவிலிருந்து மெல்லிய வில்லைகளாக அரிந்தார். ஒவ்வொரு வில்லையும் உட்புறம் மெலிந்தும் வெளிப்புறம் தடித்தும் இருக்கும். ஒன்று மற்றொன்றை ஈடுசெய்வதால் நடுத் தடிப்பை எடுத்துக்கொண்டால் போதும் என்று கண்டார். வட்டம், நீள்வட்டம் முதலிய வளைவுகளின் துண்டங்களை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் தோன்றும் கன உருவங்கள் பலவற்றை ஆராய்ந்து, சிலவற்றிற்கு ஆப்பிள் என்றும் எலுமிச்சை என்றும் பழங்களின் பெயரையே சூட்டினார். சந்தைக்குச் சென்ற கணிதருக்குக் கண்ணிற் பட்டதெல்லாம் கன உருவமே போலும்! அலெக்சாந்தர் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்துக் கணிதர் 1616-ஆம் வருஷமே இம்முறை ஆர்க்கிமிடீஸின் பெருமைக்கு இழுக்கு என்று கண்டித்து எழுதினார். கண்டனத்தில் நியாயம் இல்லாமலில்லை. கெப்ளரின் வாதங்களிற் சில நொண்டியே நடந்தன. ஆனால் 1635-இல் இத்தாலியக் கவாலியேரியும், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூட்டனும் லைப்னிட்ஸும் நடந்த சாலை அந்தத் திசையிலேயே சென்றது.

வியாபாரியின் கோல் என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். குறிப்பிட்ட கோல் அளவுக்கு மிகுதியாகக் கொள்ளும் உருளை எது என்று கெப்ளர் தேடினார். விட்டத்தை ஒரு சதுரத்தின் பக்கமாகக் கொண்டால், நீளம் அச்சதுரத்தின் மூலைவிட்டமாக இருக்கவேண்டும் என்பது விடை. அதாவது விட்டம் 1 எனில் நீளம் சுமார் 1.414. ஆஸ்திரியத் தச்சரோ, தட்டின் ஆரையைப்போல் மும்மடங்கு நீளமாகப் பலகை அறுப்பர். அதாவது விட்டம் 1 எனில் நீளம் 1.5. கணிதமே கற்காத தச்சர் கை, வழிவழி வந்த பழக்கத்தால், சிறந்த வடிவத்தின் பக்கத்திலேயே நின்றது! நாம் மேலே கூறிய 4-க்கு 6 என்ற உருளை இவ்வடிவமே. மிகச் சிறந்த உருளையைவிட அது குறைவாகக் கொள்வது நானூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மேலும் அவர் கண்ட நுட்பம் ஒன்று உண்டு. மலையுச்சியில் நிற்பவன் இரண்டடி இப்புறமோ அப்புறமோ பெயர்ந்தால் அவன் உயரம் அதிகம் குறைவதில்லை. அங்ஙனமே, மிகுதியான அளவுக்கு அருகில் வடிவம் சிறிது மாறினாலும் கொள்ளளவு அநேகமாக மாறுவதில்லை. ஆதலின் தச்சன் கை சற்றுத் தவறினாலும் ஆஸ்திரியப் பீப்பாயில் அந்தக் கோல் பொய் சொல்லாது. வியாபாரியின்மேல் ஐயங்கொண்டு தொடங்கிய ஆராய்ச்சி, அவனைக் குற்றமற்றவனென்று விடுவித்து முடிந்தது. அவ்விடுதலையை மறைக்காது எழுதினார் என்பதிலேதான் கெப்ளரின் பெருமையை நாம் காண்கின்றோம். ரைன் நாட்டு நெட்டைப் பீப்பாய்க்கு அக்கோலை நீட்டினால் மோசம் வரும் என்பதும் உடன் விளங்கிற்று.

உண்மைப் பீப்பாய் உருளையன்று. நடுவிற் பருத்து நுனிகளிற் சிறுத்தது. அதற்கு ஜெர்மானியர் இன்றும் கெப்ளர் பெயரால் வழங்கும் எளிய விதி ஒன்றுண்டு. இரு தட்டுக்களின் பரப்பையும், நடுவெட்டின் பரப்பைப்போல் நான்கு மடங்கையும் கூட்டி, நீளத்தால் பெருக்கி, ஆறால் வகுக்கவேண்டும். நீளம் 90 சென்டிமீட்டர், தட்டின் விட்டம் 60, நடுவிட்டம் 70 உள்ள பீப்பாய்க்கு இவ்விதி சுமார் 315.7 லிட்டர் என்று கூறும். பலகையின் வளைவு நீள்வட்டத்தைச் சேர்ந்ததாயின் இது முற்றும் சரி. பரவளைவாயின் உண்மை 314.8 லிட்டர். ஒரு லிட்டர் கூடத் தவறாது! நம் பாடநூல்களில் இவ்விதி சிம்ப்சன் விதி என்று வழங்கும். நெசவாளராயிருந்து கணிதரான தாமஸ் சிம்ப்சன் என்னும் ஆங்கிலேயர் 1743-ஆம் வருஷம் வெளியிட்ட நூலால் அப்பெயர் நிலைத்தது.

கணித மாணவர் இங்கே ஒன்று கவனிக்கவேண்டும். பீப்பாயின் ஒவ்வொரு வெட்டின் பரப்பும் தானே ஒரு கூட்டல். வட்டத்தை மெல்லிய கீற்றுக்களாக்கினால், கீற்று ஒவ்வொன்றின் நீளமும் வட்டத்தின் விளிம்பு மட்டுமே செல்லும். அவ்வட்டத்தின் அளவோ நீளத்தில் எவ்விடத்தில் வெட்டினோம் என்பதைப் பொறுத்தது. பாதி காலியான பீப்பாயைக் கிடையாகக் கிடத்தினால், ரசத்தின் மட்டமும் ஓர் எல்லையாகச் சேரும். வெளிக்கூட்டல் ஓரிடத்தில் நிற்க, அந்த இடமே உட்கூட்டலின் எல்லைகளை வகுக்கின்றது. மாறும் எல்லைகளையுடைய இரட்டைத் தொகையீடு என்று இன்று சொல்வது இதுவேயாம். கணிப்பொறிக்கு நிரல் எழுதும்போதும் வழி இதுவே: வெளிமாறியின் மதிப்பை வாங்கிக்கொண்டு, தன் எல்லைகளை முதலிற் கண்டு, அவ்வெல்லைக்குள் மாத்திரம் கூட்டித் திருப்பித் தரும் உட்பகுதி ஒன்று; அதனை இடந்தோறும் அழைத்து, வந்த விடைகளைக் கூட்டும் வெளிப்பகுதி ஒன்று.

சிறு உதாரணம் காட்டுவோம். கிடைத்தூரம் 0 முதல் 1 வரை. ஒவ்வோரிடத்திலும் நிலைத்தூரம் 0 முதல் அவ்விடத்துக் கிடைத்தூரம் வரை. இம்முக்கோணத்தில் இரு தூரங்களின் பெருக்கற்பலனைத் தொகுக்கவேண்டும் என்க. கிடைத்தூரம் 0-இல் உட்கூட்டல் 0. கிடைத்தூரம் 1/2-இல் எல்லை 0 முதல் 1/2 வரை. நுனிகளில் மதிப்பு 0-உம் 1/4-உம், நடுவில் 1/8. பீப்பாய் விதிப்படி உட்கூட்டல் 1/16. கிடைத்தூரம் 1-இல் நுனிகளில் 0-உம் 1-உம், நடுவில் 1/2, உட்கூட்டல் 1/2. இம்மூன்று விடைகளையும் மீண்டும் அதே விதியிலிட்டால் 1/8 வருகின்றது. நுண்கணிதம் தரும் முழு உண்மையும் 1/8 தான். புதிதாகப் பழகுவோர் செய்யும் பிழை, உள்ளெல்லையை எங்கும் 0 முதல் 1 வரை என்று நிலையாக வைப்பது. அப்போது விடை 1/4 ஆகி இருமடங்காகும். நெட்டைப் பீப்பாய்க்கும் குட்டைப் பீப்பாய்க்கும் ஒரே கோலை நீட்டுவது இதுவே.

விதியின் வலிமையை மிகைப்படுத்தவும் கூடாது. ஓரலகு ஆரையுள்ள கால்வட்டத்தின் பரப்பை மூன்றே அளவுகளால் இவ்விதிப்படி கண்டால் 0.744 வரும், உண்மை 0.785. விளிம்பிலே கீற்றின் நீளம் செங்குத்தாக விழுந்து மறைவதே காரணம். துண்டுகளை நுணுக்கினாலும் அங்கே திருத்தம் மெதுவாகவே வரும்; ஆகையால் தூரத்துக்குப் பதிலாகக் கோணத்தை மாறியாகக் கொள்வது நன்று. பீப்பாயின் பக்கமோ மெல்ல வளைவது. அதனாலேயே மூன்று வெட்டுக்கள் அதற்குப் போதுமாயின.

நிற்க. நூல் அச்சான அதே 1615-ஆம் வருஷத்தில், லேயோன்பெர்க் என்னும் ஊரில் வாழ்ந்த கெப்ளரின் தாயார்மேல் சூனியக்காரி என்ற பழி எழுந்தது. தாம் கொடுத்த பானத்தால் நோயுண்டாயிற்று என்று அயலாள் ஒருத்தி குற்றஞ்சாட்டினாள். அக்காலத்தில் இப்பழியினால் எரியூட்டப்பட்ட மாதர் பலர். 1620-ஆம் வருஷம், ஏறக்குறைய எழுபத்துமூன்று வயதான அக்கிழவியைச் சிறையிலடைத்துச் சங்கிலியாற் பிணித்தனர். கெப்ளர் லின்ஸ் நகரத்தில் வேலையை விட்டு, குடும்பத்தை வேறிடத்தில் இருத்தி, தாயின் வழக்கைத் தாமே மேற்கொண்டார். சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, நோய்க்கு இயற்கையான காரணம் இருக்கக்கூடும் என்றும், சாட்சிகள் ஒருவரோடொருவர் முரணுகின்றனர் என்றும் நீண்ட எதிர்வாதம் எழுதிக் கொடுத்தார். முடிவில் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியும் அவ்வம்மையார் இல்லாத குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பதினான்கு மாதச் சிறைக்குப்பின் 1621-ஆம் வருஷம் விடுதலையானார். ஆறு மாதத்தில் உயிர்நீத்தார். கிரகங்களின் காலத்தையும் தூரத்தையும் இணைக்கும் மூன்றாம் விதி 1618-இலும், அதனைக் கூறும் உலகின் இசைவு என்னும் நூல் 1619-இலும் இத்துயரங்களுக்கிடையே தோன்றியவை. அதே 1618-இல் முப்பதாண்டுப் போரும் மூண்டது.

டைக்கோவின் அளவுகளைக்கொண்டு கிரக அட்டவணைகளை முடித்துக் கொடுக்கவேண்டிய கடன் இன்னும் எஞ்சியிருந்தது. 1626-ஆம் வருஷம் லின்ஸ் நகரம் முற்றுகைக்குள்ளாகி அச்சகம் எரிந்தது. அவர் கைப்பிரதியுடன் ஊல்ம் நகரத்திற்குச் சென்று, 1627-ஆம் வருஷம் ருடால்ப் அட்டவணைகளை அங்கே அச்சிட்டு முடித்தார். அந்நகரத்தார் தங்கள் அளவைகள் ஒன்றோடொன்று ஒவ்வாமற் குழம்பிக் கிடப்பதைச் சொல்லி, அவருடைய உதவியை வேண்டினர். நீளம், கொள்ளளவு, நிறை மூன்றையும் ஒரே வெண்கலக் கலத்தில் அடக்கிக் காட்டும் நிலையளவு ஒன்றை அவர் வகுத்துக் கொடுத்தார். பீப்பாயை அளந்த கைக்கு ஏற்ற வேலை. அக்கலம் அந்நகரத்தில் இன்றும் உள்ளது.

இறுதிக் காலத்தில் வாலன்ஸ்டைன் என்னும் படைத்தலைவரின் ஆதரவில் சாகான் நகரத்தில் இருந்தார். அரசாங்கம் அவருக்குத் தரவேண்டிய பாக்கியோ ஏறிக்கொண்டே போயிற்று. 1630-ஆம் வருஷம் மழைக்காலக் குளிரில் குதிரையேறி, தமக்கு வரவேண்டிய பணத்தை வற்புறுத்தக் கருதி, அரசர்கள் கூடியிருந்த ரேகன்ஸ்பர்க் நகரம் சென்றார். சென்ற சில நாளிற் காய்ச்சல் கண்டு, நவம்பர் 15-ந் தேதி, ஐம்பத்தெட்டாம் வயதில் காலமானார். பணம் வரவில்லை. நகர மதிலுக்கு வெளியே லுத்தர் சபையாரின் கல்லறையில் அடக்கஞ்செய்தனர். சில ஆண்டுகளில் அக்கல்லறையும் போரில் அழிந்தது.

ஓராண்டு சென்றபின், 1631-ஆம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி காலையில், பாரிஸ் நகரத்தில் கஸாந்தி என்னும் அறிஞர் இருட்டறையில் சூரியனின் பிம்பத்தைத் தாளில் விழச்செய்து காத்திருந்தார். புதன் சூரியனைக் குறுக்கே கடக்கும் என்று கெப்ளர் இறப்பதற்கு முன்னரே குறித்து வெளியிட்டிருந்த நாள் அது. முதலிற் கண்ட கரும்புள்ளியைச் சூரியனிலுள்ள களங்கமென்றே அவர் எண்ணினார், அத்துணைச் சிறிதாயிருந்தது. பின் அது விரைந்து நகரக் கண்டு, புதனே என்று தெளிந்தார். கெப்ளரின் அட்டவணை புதனின் இடத்தில் தவறியது ஒரு பாகையில் ஆறிலொரு பங்கு அளவே. பழைய அட்டவணைகள் பல பாகை தவறின.